புள்ளி எண் 212

பதினாறு நாளைக்கு ஒருமுறை
காலை பத்தரைவாக்கில்
மதுரையைக் கடக்கிறது அது.
அதனால் அதற்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டாவது டீ குடிக்கிற மதுரை மட்டும்தான்.
ராத்திரி ஒன்றரைக்கு ஆவி பறக்கும் இட்டிலித் தட்டையோ
விடியுமுன் மாட்டுத்தாவணியில் இறங்கும் மல்லிகை மூட்டையையோ
முப்பத்தைந்து வருடமாக அது பார்த்ததே இல்லை.

முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் ஒரு கட்டம்.
கட்டத்துக்கு ஒரே ஒரு நிறம்.
உள்ளே ஒரு வீடு, பாதி வாய்க்கால், ஒரு வேம்பு,
காயப்போட்ட சேலை, சண்டை போட்டுவிட்டு
மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன்,
எல்லாம் சேர்ந்து ஒரு எண்.
எண்பத்தேழாம் வருடப் படத்தில் வயல் சிவப்பாக இருக்கும்
(பயப்படாதீர்கள், பச்சையைச் சிவப்பாக்கிப் பார்ப்பது
எங்கள் தொழில் வழக்கம்).
படம் மாற மாற
ஒத்தக்கடைப் பக்கம் சிவப்பு உதிர்கிறது.
விளாங்குடியில் நீலச்சாம்பல் ஊறுகிறது,
ஈரச்சுவரில் ஊறுகிற மாதிரி, கீழிருந்து.

நகரத்தை வளையம் வளையமாகப் பிரித்து எண்ணு
என்கிறது முறை.
மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இங்கே வளையம் எப்போதோ போட்டாயிற்று:
ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி,
அப்புறம் வெளி.
வெளி வீதி என்று பெயர் வைத்தவர்கள்
அதோடு ஊர் முடிந்தது என்று நம்பியிருப்பார்கள்.
இன்று வெளி வீதியில் நின்றுகொண்டு
ஊருக்கு வெளியே போகணும் என்றால்
ஆட்டோக்காரர் நானூறு ரூபாய் சொல்கிறார்.

கம்ப்யூட்டர் தப்பு செய்யும்.
கோடையில் வற்றிய கண்மாயைக் கட்டடம் என்கும்.
வைகை மணலையும் கட்டடம் என்கும்.
மூன்று வாரம் உட்கார்ந்து
ஒவ்வொரு கண்மாயாக மீட்டுக்கொண்டிருந்தேன்.
துளசிராம் எட்டிப் பார்த்தார்.
"எதுக்கு மேடம் அழிக்கிறீங்க?
பத்து வருசம் பொறுங்க, அதுவே சரியாப் போயிரும்."

பிறகு தரையில் சரிபார்க்கப் போனோம்.
முன்னூறு புள்ளிகள், ஒரு வாடகை ஜீப்.
இருநூற்றுப் பன்னிரண்டு
சக்கிமங்கலம் தாண்டி இருந்தது.
படத்தில் அது தரிசு.
தரையில்
மஞ்சள் பெயின்ட் அடித்த கல், இருபதடி விட்டு இன்னொரு கல்,
இடுப்பளவு வேலிக்கருவை,
சுவரே இல்லாத இடத்தில் ஒரு அலங்கார வளைவு.
குடை பிடித்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்
பஞ்சவர்ணம் என்று பேர் சொன்னாள்.
"நீங்க எந்த ஊரு?"
"மதுரை."
"இதுவும் மதுரைதானாம். போர்டுல போட்டிருக்கான்,
பஸ் ஸ்டாண்டுலருந்து பதினஞ்சே நிமிசம்."
ஆடுகள் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை.

"பஸ்ஸு கேட்டா, கிராமம் எங்கிறாங்க.
நூறு நாள் வேலை கேட்டா,
அடுத்த வருசம் டவுனோட சேத்துருவோம், கெடையாது எங்கிறாங்க.
நீங்க என்னான்னு எழுதப் போறீங்க?"

என் படிவத்தில் நாலே வகை:
நீர், பயிர், தரிசு, கட்டடம்.
அவ்வளவு உயரத்திலிருந்து கல் தெரியாது.
பத்திரம் தெரியாது, முன்பணம் தெரியாது.
ஊர் வந்து பதினொரு வருடமாகியும்
ஒரு வீடுகூட வரவில்லை என்பதற்கு
என்னிடம் எண் கிடையாது.

தரிசு என்றே எழுதினேன்.
படத்தோடு பொருந்தியது.
அவள் எட்டிப் பார்த்தாள், எழுத்துக் கூட்டி வாசித்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கையில் துல்லியம்
எண்பத்தொன்பது சதவீதம் என்று வந்திருக்கிறது.
அந்தச் சரிகளில் ஒன்று
நாற்பத்தாறாம் நம்பர் பிளாட்டில்
'விற்றது' என்று எழுதிய கல்லில் முதுகைத் தேய்த்துவிட்டு
வேலிக்கருவை நெற்று
மென்றுகொண்டிருக்கிறது.